தள்ளிப்போடும் மாத்திரை

ஜனவரி 17

பழனிக்கு நடப்பவர்கள் விடிந்ததிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். நான் ஸ்டூடியோ மாடிப்படியில் உட்கார்ந்து, குளிர்பான பாட்டிலில் வெந்நீர் நிரப்பி அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு, அவர்களைப் பார்த்தேன். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, தோளில் துணிப்பை, கையில் வேல். காரைக்குடியில் தை பிறந்தால் ரோடு அவர்களுடையது. பஸ்கூட ஒதுங்கித்தான் போகும்.

சேவுகன் அண்ணன் படியேறி வந்தவர் என்னைத் தாண்டத் தெரியாமல் நின்றார். அவர் முதலாளி. நான் அவரிடம் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். மாதத்தில் சில நாள் நான் இந்தப் படியில்தான் கிடப்பேன் என்று அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறார்.

"என்னத்தா, வெயில் காயிறியா?"

"ஆமாண்ணே."

"காயி, காயி. தேவகோட்டை ஆல்பத்த மத்தியானமாப் பாத்துக்கிரலாம்."

இந்த ஊரில் ஒரு பெண்ணின் வயிற்றுவலிக்கு ஆண்கள் வைத்திருக்கும் பெயர் வெயில் காய்வது.

நானும் நடந்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கி மூன்று தை, அம்மாவோடு. குன்றக்குடியில் சூடு ஆறாத இட்லி. நத்தம் தாண்டிப் புளியமர நிழல். யார் வீட்டு வாசலிலோ பெரிய பானையில் மோர். பள்ளிக்கூட வராந்தாவில் துண்டை விரித்து வரிசையாகப் படுத்தால், ஆளுக்கொரு குறட்டை. வீட்டில் தலைவலி, இடுப்புவலி என்று மாதத்தில் பாதி நாள் சுருண்டு கிடக்கும் அம்மா, அந்த ரோட்டில் கூட்டத்துக்கு முன்னால் போவாள். பாடுவாள். தெரியாத பெண்களைக் கேலி செய்வாள். "சௌந்தரத்துக்கு முருகன் கால் குடுத்திருக்கான்" என்று கூட்டத்தில் சொல்வார்கள். எனக்குச் சாமி நம்பிக்கை அப்போதே பாதிதான். ஆனாலும் அந்த அம்மாவைப் பார்க்கத் தை எப்போது வரும் என்று காத்திருப்பேன்.

விரதம் தொடங்கும்போதே மாத்திரையும் தொடங்கிவிடும். மருந்துக்கடையில் "பழனிக்கு" என்றால் போதும், அட்டையை எடுத்து வைப்பார். சீட்டு கேட்கமாட்டார். காலையில் அம்மாவுக்கொன்று, எனக்கொன்று. சாமி காரியம், நாள் தள்ளிப்போக வேண்டும் அல்லவா.

அந்தத் தை மாதங்களில் இருந்ததுபோல என் உடம்பு எனக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை. இன்று ரோட்டில் போகிற பெண்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவர்களுடைய பக்தியைப் பார்த்து இல்லை, நடையைப் பார்த்து.

ஜனவரி 18

வாந்தி. ரசம். வாந்தி.

பிப்ரவரி 14

அம்மா இன்னொரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எல்லாம் நார்மல்தான். வயசு என்ன, இருபத்தாறா? கல்யாணம் பண்ணி வைங்கம்மா. ஒரு புள்ள பெத்துட்டா சரியாப் போயிரும்."

"எந்தக் கடையில கிடைக்கும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"எது?"

"மாப்பிள்ளை. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். ஆட்டோவில் ஏறியபின் சொன்னாள்: "வாய அடக்கு லோசனி. வலிக்குதுன்னு வந்த எடத்துல வக்கணை பேசுனா, வலிக்கலன்னுதான் நெனைப்பாக."

சரிதான். அழுதிருந்தால், "இதுக்குப் போய் அழுவாங்களா" என்றிருப்பார். எப்படி உட்கார்ந்தால் ஒரு பெண்ணுக்கு வலிப்பதாக நம்புவார்கள் என்று யாராவது படம் எடுத்துத் தந்தால், அதைப் பார்த்து அப்படியே உட்காருவேன்.

மார்ச் 9

தேவகோட்டை ஆல்பம் இன்னும் முடியவில்லை. கார்த்திகையில் நடந்த கல்யாணம், மாசியாகிவிட்டது. என்னால்தான் தாமதம்.

மணப்பெண் ஷர்மிளா. நல்ல முகவெட்டு. ஆனால் எந்தப் படத்தை எடுத்தாலும் இடது கை இடுப்பை அழுத்திக்கொண்டு நிற்கிறது. மாலை மாற்றும்போது மட்டும் கை மேலே போகிறது, அடுத்த படத்தில் பழையபடி இறங்கிவிடுகிறது. வரவேற்பிலும் அப்படியே.

"அந்தக் கைய வெட்டிரு. இல்லாட்டி மாலைய இழுத்து மறைச்சிரு" என்றார் சேவுகன் அண்ணன். நான் எத்தனையோ பேரின் பரு, கருவளையம், தொப்பை எல்லாம் அழித்திருக்கிறேன். இந்தக் கையை அழிக்க மனம் வரவில்லை. அது என் கை.

என் அக்கா பிரமிளாவின் கல்யாணப் படங்களை எடுத்துப் பார்த்தேன். ஐந்து வருடமாகிறது. நான் மணப்பெண் அறைக்கும் பந்திக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கிறேன். ஒரு படத்தில் அத்தானின் செருப்பை ஒளித்துவைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்று சிரிக்கிறேன். பல்லெல்லாம் தெரிகிறது. என் இரண்டு கையும் காற்றில். அந்த வாரம் அம்மா வீட்டிலிருந்த பெண்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, பால் டம்ளரோடு மாத்திரை கொடுத்தது ஞாபகம் வருகிறது. "முகூர்த்தத்தன்னிக்கு எவளும் ஒதுங்கக்கூடாது" என்று மிரட்டிக்கொண்டே கொடுத்தாள்.

அந்த லோசனி எங்கே போய்விட்டாள்?

மார்ச் 21

ஷர்மிளா கணவனோடு ஆல்பப் பக்கங்களைப் பார்க்க வந்தாள். சேவுகன் அண்ணன் அவனை டீ குடிக்கக் கூட்டிப்போனார். நான் திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டினேன். கடைசியில் கேட்டுவிட்டேன்.

"இந்தக் கை..."

"மாலை கனம்."

"மாலை கழுத்துல இருக்கு. கை இடுப்புல இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்திருந்த விதத்தையும் பார்த்தாள்.

"உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்றாள்.

"இடது."

"எனக்கு ரெண்டும்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் வேகமாகச் சொன்னாள், கணவன் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல. அவளையும் கல்யாணம் பண்ணினால் சரியாகும் என்றார்களாம். "பண்ணியாச்சு. அவர் நல்லவர்தான், ஆனா மருந்து இல்ல." மதுரையில் ஒரு பெண் டாக்டரிடம் போகிறாளாம். "உக்கார வச்சு கேப்பாங்க. கல்யாணம் ஆச்சான்னு கடைசியாத்தான் கேப்பாங்க. இப்பக் கொஞ்ச நாளா என் கை இடுப்ப விட்டு எறங்கியிருக்கு, பாருங்க."

கையைக் காட்டினாள். மேஜைமேல் சும்மா கிடந்தது. போகும்போது, "அந்தக் கைய அழிச்சிராதீங்க. யாராச்சும் கேட்டா நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

ஏப்ரல் 2

மதுரை என்று ஆரம்பித்தேன். அம்மா மாவரைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான்டி."

"உனக்கும் இருந்துச்சா?"

கிரைண்டர் சத்தத்தில் கேட்கவில்லைபோல. மாவை வழிக்க ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 16

தனியாகப் போனேன். அம்மாவிடம் ஆல்பம் அச்சுக்குக் கொடுக்க மதுரை போகிறேன் என்றேன்.

டாக்டர் நஸ்ரினுக்கு என் அம்மா வயது இருக்கும். மேஜைமேல் வாட்ச்சைக் கழற்றி வைத்திருந்தார். அவர் கேட்டதையெல்லாம் எழுத வேண்டும், ஏனென்றால் இதற்குமுன் யாரும் கேட்டதில்லை. வலி அந்த நாட்களில் மட்டுமா, முன்னாலும் வருமா. தொடைக்கு இறங்குமா. வெளிக்குப் போகும்போது வலிக்குமா.

"வலிக்கும். அந்த நாள்ல கக்கூஸுக்குப் போகவே பயம்" என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டார்.

"வலியே இல்லாத மாசம்னு எப்பவாவது இருந்திருக்கா?"

சொன்னேன். பழனிக்கு நடந்தது, புளியமரம், மோர்ப்பானை, அக்கா கல்யாணம், ஒளித்துவைத்த செருப்பு. பாதியில் வெட்கமாகிவிட்டது. டாக்டரிடம் வந்து பழங்கதை பேசுகிறேன்.

அவர் பேனாவை மூடினார். "அப்பல்லாம் நாள் தள்ளிப்போக மாத்திரை போட்டீங்களா?"

மூன்று தையையும் அக்கா கல்யாணத்தையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்; எல்லாவற்றிலும் மாத்திரை இருந்தது.

பிறகு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். கர்ப்பப்பையின் உட்புறத்தில் இருப்பதுபோன்ற திசு வெளியிலும் வளர்கிறதாம். மாதாமாதம் அதுவும் வீங்கிக் கசியும். வெளியேற வழியில்லாமல் உள்ளேயே புண்ணாகி, பக்கத்து உறுப்புகளை ஒட்டவைக்கும். பெயர் எண்டோமெட்ரியோசிஸ். சாதாரண ஸ்கேனில் பல நேரம் தெரியாது. அவரே மறுபடி நிதானமாக ஸ்கேன் பார்த்தார். இடது சினைப்பையில் சின்னக் கட்டி, பழைய ரத்தம். "நீங்க கை வைக்கிற எடம் சரியான எடம்தான்" என்றார்.

அழுதேன். வலிக்காக இல்லை. சரியான இடம் என்றாரே, அதற்காக.

அடியோடு போக்க மருந்து இல்லை, அடக்கி வைக்கலாம் என்றார். தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை, இடைவெளி இல்லாமல். பழனிக்குப் போட்டதன் உறவுக்கார மாத்திரை. ஆனால் இது நீண்ட நாள் போடுவதற்கானது, டாக்டர் கண்காணிப்பில். இடுப்புத் தசைக்குச் சில பயிற்சிகள். கட்டி வளர்ந்தாலோ வலி அடங்காவிட்டாலோ அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். இப்போதே கத்தி வேண்டாம்.

திரும்பும் பஸ்ஸில் கோபம் கோபமாக வந்தது. இதுவரை பார்த்த நாலு டாக்டர்கள்மேல் மட்டும் இல்லை. என் நல்ல நாட்களுக்கெல்லாம் நான் வேறு காரணம் வைத்திருந்தேன். ரோடு, வயசு, அம்மாவின் சிரிப்பு. இப்போது எல்லாம் ஒரு மாத்திரை என்றாகிவிட்டது. யாரோ என் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு போன மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 17

அம்மா பையைத் துழாவி மாத்திரையைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"தெனமுமா? வருசக்கணக்கிலயா? கர்ப்பப்பை என்னத்துக்கு ஆகும்? நாளைக்குப் புள்ள வேணும்னா எங்க போவ?"

"நிறுத்துனா எல்லாம் பழையபடி ஆயிரும்னு டாக்டர் சொன்னாங்க."

"அவுக சொல்லுவாக. பட்டவளுக்குல்ல தெரியும்."

நான் கத்தினேன். "பழனிக்குன்னா குடுப்ப. அக்கா கல்யாணத்துக்குன்னா வரிசையில நிக்க வச்சுக் குடுப்ப. சாமிக்கு முன்னாடி சுத்தமா நிக்கறதுக்கு மாத்திரை நல்லது. நான் நிமிந்து நிக்கறதுக்குன்னா விஷமா?"

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். இந்த வீட்டில் அவருடைய வெயில் காய்தல் அது.

அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. எதையோ சொல்ல வந்து விழுங்கியதுபோல. எனக்கு அப்போது அது திமிராகத் தெரிந்தது.

ஏப்ரல் 18

அட்டையைக் காணவில்லை.

ஏப்ரல் 20

புதிதாக வாங்கி ஸ்டூடியோ மேஜையில் வைத்துவிட்டேன். சேவுகன் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன், முழுப்பெயரோடு. அவர் கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "பேரு பெருசா இருக்கேத்தா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தெனம் போடணுமா? அப்ப ஞாயித்துக்கெழம?"

"வீட்டுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போயிருவேண்ணே."

"அதான. மறந்துராத."

மே 11

மனம் மந்தமாக இருக்கிறது. திட்டுத்திட்டாக ரத்தம் படுகிறது. காரணமில்லாமல் அழுகை. முதல் சில மாதம் இப்படி இருக்கலாம், தாங்க முடியாவிட்டால் உடனே கூப்பிடுங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கூப்பிட்டேன். விசாரித்தார். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார். அம்மா சொன்னதுதான் சரியோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதற்காக என்மேலேயே எரிச்சல்.

அம்மா எதையும் கேட்பதில்லை. முருங்கைக்கீரை அடிக்கடி சமைக்கிறாள்.

மே 12

காலையில் மேஜைமேல் டம்ளரில் தண்ணீர் இருந்தது. "மாத்திரை போட்டியா?" என்றார் சேவுகன் அண்ணன், ஜன்னலைப் பார்த்தபடி.

ஜூலை 8

ஸ்டூடியோ மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். மேலே போய் நின்றபிறகுதான் அது தெரிந்தது. வலி எப்போது கிளம்பிப் போனது என்று யோசித்தேன். வரும்போது அத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணுவது, போகும்போது சொல்லிக்கொள்ளவே இல்லை. முழுதாகப் போய்விடவில்லை, இடது பக்கம் லேசாக ஒரு இழுப்பு இருக்கிறது. ஆனால் வெந்நீர் பாட்டில் பரணில் கிடக்கிறது.

நான் பாடிக்கொண்டே துணி உலர்த்தியதை அம்மா கொல்லைப்பக்கம் நின்று பார்த்திருக்கிறாள். திரும்பியபோது உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 19

மறுபரிசோதனை. கிளம்பும்போது அம்மா சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வாரேன்." அவ்வளவுதான்.

கட்டி வளரவில்லை. மாத்திரையைத் தொடரச் சொன்னார் டாக்டர். அம்மா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு திடீரென்று கேட்டாள்.

"இந்த மாத்திரையால கர்ப்பப்பை போயிராதா டாக்டர்? எனக்குப் போச்சு. இவ பன்னண்டாவது படிக்கையில எடுத்துப்புட்டாக. நானா வாங்கி வாங்கி முழுங்குனது. அதனாலதான்."

அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது எனக்குத் தெரியும். எதனால் என்று நான் கேட்டதே இல்லை.

"அதுக்கு முன்னாடி உங்களுக்கு வலி இருந்துச்சாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். டாக்டரைப் பார்க்கவில்லை. "இவளுக்கு இருந்த மாதிரியே."

டாக்டர் நாற்காலியை இழுத்து அம்மாவின் அருகில் போட்டார். "யாரையும் கேக்காம வாங்கிப் போட்டது தப்புதான். ஆனா கர்ப்பப்பை அதனால போயிருக்காது. உங்களுக்கும் இதே நோய் இருந்திருக்கலாம். இப்ப உறுதியாச் சொல்ல முடியாது. அன்னிக்கு உங்களை யாராவது உக்கார வச்சுக் கேட்டிருக்கணும்."

அம்மா தலையை ஆட்டினாள், நீண்ட நேரம்.

பஸ் திருப்பத்தூரில் நின்றபோது கொய்யாப்பழம் வாங்கினேன். ஆளுக்குப் பாதி. மிளகாய்ப்பொடி அதிகம். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துப் பேசினாள்.

"பழனி, மாசிப் பால்குடம், ஆடிக்கூழு... வருசத்துக்கு நாலு சாமி புடிச்சு வச்சிருந்தேன். எதுக்குன்னு நெனச்ச?"

"பக்தின்னு நெனச்சேன்."

"பக்திதான். இல்லைங்கல. ஆனா சாமிக்குன்னா மருந்துக்கடைக்காரன் ஏன்னு கேக்கமாட்டான். உங்கப்பாவும் கேக்கமாட்டாரு. எனக்கு வலிக்குதுன்னு போயிக் கேட்டா, என்ன வலி, எங்க வலின்னு ஆயிரம் கேப்பாக. கடைசியில ஒண்ணுமில்லம்பாக."

ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா நடப்பதையே விட்டுவிட்டாள். முருகனே லீவு கொடுத்துவிட்டான் என்று வீட்டில் கேலி பேசினோம். நான்தான் முதலில் பேசினேன்.

"என்னை ஏம்மா கூட்டிட்டுப் போன?" என்றேன்.

கொய்யா விதையைத் துப்பினாள். "எட்டாவதுல நீ அடுப்படியில சுருண்டு கெடந்தீல்ல, மறுவருசந்தான கூட்டிட்டுப் போனேன். எனக்கு வேற என்ன தெரியும்?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் குன்றக்குடியை நெருங்கியது. மலை தெரிந்ததும் அம்மா வழக்கம்போல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் கை பாதிவரை போனது.

ஜூலை 20

மூன்று ஆல்பம் முடித்தேன். யார் முகத்தையும் அதிகம் அழித்துத் திருத்தவில்லை.

ஜனவரி 30

"இந்தத் தை நடப்பமா?" என்றாள் அம்மா.

"என்ன வேண்டுதல்?"

"ஒண்ணுமில்ல. நடக்கத்தான்."

லீவு கேட்டேன். சேவுகன் அண்ணன் கல்யாண சீசன் என்று முனகினார். பிறகு, "பஞ்சாமிர்தம் வாங்கிட்டு வா. மாத்திரைய எடுத்துக்க" என்றார்.

பிப்ரவரி 1

அம்மாவும் நானும் மருந்துக்கடைக்குப் போனோம். அதே கடை, அதே ஆள், தலை மட்டும் நரைத்திருக்கிறது. அம்மாவின் பச்சைச் சேலையைப் பார்த்ததும் அவர் கை தானாக அந்த அலமாரிக்குப் போனது.

"பழனிக்குத்தானம்மா?"

"அது வேணாம்" என்றாள் அம்மா. என் மருந்துச்சீட்டை வாங்கி மேஜைமேல் விரித்து வைத்தாள். "இதக் குடுங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். "இது தெனம் போடுறதாச்சே. எதுக்கும்மா?"

அம்மா குரலைத் தாழ்த்தவில்லை.

"எம் மகளுக்கு. வலிக்கும்."

பிப்ரவரி 2

குன்றக்குடி. இட்லி சூடாக இருந்தது. அம்மா முன்னால் போய்விட்டாள், எழுத நேரமில்லை.